நாற்பதுக்குக் கீழே கட்டில் இல்லை

நான் காலாண்டு அறிக்கையை அனுப்பிய மறுநாள் காலை, பதினெட்டாம் கட்டில் பொன்னுரங்கத்துக்குக் கண் தெரியாமல் போயிற்று. முந்தின நாள்வரை அவருக்குக் குறை என்று இருந்தது இடது கால் ஒன்றுதான், லாரியில் கிளீனராக இருந்தபோது சக்கரத்துக்கு அடியில் போனது. கண் இரண்டும் அத்தனை கூர்மை, இல்லத்து வாசலில் உட்கார்ந்தபடியே மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸின் போர்டைப் படித்துச் சொல்லுவார். அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து, இன்னும் விடியலையா என்று கேட்டார். விடிந்து காபியும் ஊற்றியாயிற்று என்றாள் ஆயா மரியாள். அப்படின்னா கண்ணு போயிருச்சு போல, என்று சொல்லிவிட்டு அவர் டம்ளருக்குக் கையை நீட்டினார், மரியாள் டம்ளரை அவர் விரல்களுக்குள் வைத்து அழுத்திவிட்டு என்னைத் தேடி ஆபீஸுக்கு வந்தாள்.

திண்டுக்கல்லிலிருந்து கிழக்கே போகிற ரோட்டில் ஒன்பதாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதை எல்லோரும் ஒன்பதாங்கல் இல்லம் என்றுதான் சொல்லுவார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம், நாற்பத்து மூன்று கட்டில், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று சொந்தக்காரர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் கடைசிவரை இருக்கிற இடம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கட்டிலுக்கு ஒரு வரிசை வீதம் அரசாங்கத்துக்கு விவரம் அனுப்ப வேண்டும்: இருபத்தொரு வகைக் குறைபாட்டில் எந்த வகை, எத்தனை சதவீதம், தானாகச் சாப்பிடுவாரா, தானாகக் குளிப்பாரா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்று எழுபத்திரண்டு கட்டங்கள், அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அறிக்கை போகாது. கான்வென்ட்டில் படித்தவள், டைப் வேகமாக அடிப்பாள் என்று சிஸ்டர் பவுலினா என்னை அந்த வேலைக்கு வைத்தார், அதோடு ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் கொடுத்தார், நானும் என் மகள் டெல்பினாவும் படுத்துக்கொள்ள. டெல்பினாவுக்குப் பிறக்கும்போதே ஒரு கால் சூம்பியிருந்தது. அவள் அப்பா அதை ஒரு தடவை பார்த்தார், இரண்டாம் தடவை பார்த்தார், திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர் மூன்றாம் தடவை பார்க்க வரவில்லை.

பரீட்சையில் தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுதி வை, வெறும் இடத்தைப் பார்த்தால் திருத்துகிறவர்களுக்குக் கோபம் வரும் என்று பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள், அது என் விரலிலேயே ஊறிப்போயிருந்தது. பொன்னுரங்கத்தின் குறைபாட்டுச் சான்றிதழைக் கரையான் அரித்திருந்தது, ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும், நாலே முக்கால் ஆகியிருந்தது, வெறும் கட்டங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மேல் வரிசையில் பதினேழாம் கட்டில் மிக்கேல், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கால் என்ற கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு, மற்றக் கட்டங்களுக்கு அவருடைய வரிசையை அப்படியே கீழே இழுத்து விட்டேன், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று. திரையில் பச்சை நிறத்தில் நன்றி என்று வந்தது.

மறுநாள் மரியாள் வந்து சொன்னபோது சிஸ்டர் பவுலினா ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தாமல், ரிப்போர்ட் போயிருச்சுல்ல, என்று மட்டும் கேட்டார். போயிருச்சு சிஸ்டர் என்றேன். உதவி எண்ணுக்குப் போன் செய்தேன், ஒரு பெண் எடுத்தாள், திருத்துவதற்கான நாள் நேற்றோடு முடிந்தது, அடுத்த காலாண்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அடுத்த காலாண்டில் பார்த்துக்கொண்டேன். பார்வை என்ற இடத்தில் நூறை அழித்துச் சைபர் போட்டேன், கட்டம் சிவந்தது, முந்தைய காலாண்டைவிடக் குறைந்த மதிப்பை ஏற்க இயலாது, குறைபாடு நிரந்தரமானது என்று வந்தது. தொண்ணூற்று ஒன்பது போட்டேன், அப்போதும் சிவந்தது.

பொன்னுரங்கம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிலிலிருந்து கக்கூஸ்வரை மரியாள் ஒரு கயிறு கட்டிக் கொடுத்தாள், அதைப் பிடித்துக்கொண்டு கோலை ஊன்றிப் போய்வந்தார். எனக்குத்தான் அந்தக் கயிறு இருக்கிற பக்கம் போகவே கால் கூசும். மிக்கேல் மட்டும் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில், நானும் இருபது வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன், இங்க பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு, இப்பவாவது நம்புறியா என்று கேட்க, வார்டே சிரித்தது, பொன்னுரங்கமும் சிரித்தார்.

அந்த மாதம் ஆய்வுக்கு அதிகாரி ஒருவர் டாக்டரோடு வந்தார். வழக்கமாக ஆய்வு என்றால், எழுதியிருப்பது ஒன்று, கட்டிலில் இருப்பது ஒன்று என்று குறிப்பெழுதி விட்டுப் போவார்கள். இந்தத் தடவை டாக்டர் ஒவ்வொரு கண்ணாக டார்ச் அடித்துப் பார்த்தார், ஒவ்வொரு முட்டியாகத் தட்டிப் பார்த்தார், அதிகாரி என் தாளில் டிக் அடித்துக்கொண்டே வந்தார், நாற்பத்து மூன்று கட்டிலுக்கும் டிக் விழுந்தது. மாவட்டத்தில் இப்படி ஓர் அறிக்கையை நான் பார்த்ததில்லை, எழுதினது எழுதினபடியே இருக்கிறது என்றார். கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தபாலில் வந்தது, சிஸ்டர் அதை இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டினார். மற்ற இல்லங்களிலிருந்து என்னைப் போன்ற பெண்களை வேனில் கூட்டிவந்து காட்டினார்கள், அவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே எப்படிக்கா இவ்வளவு சரியா எழுதுறீங்க என்று கேட்டார்கள்.

எழுதினால் எழுதினபடியே ஆகிறது என்ற செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. அறிக்கை அனுப்பும் நாளன்று, மாதா கோயில் நவநாளுக்கு வருவதுபோல, தாய்மார்கள் வாசலில் வந்து நின்றார்கள், இல்லத்தில் பிள்ளையை விட்டவர்களும் விடாதவர்களும், மஞ்சள் துணிப் பையில் சான்றிதழ்களைச் சுருட்டிக்கொண்டு. கொஞ்சம் குறைச்சு எழுதும்மா, ஒரே ஒரு பத்துக் குறைச்சு எழுது, நீயும் பிள்ளை பெத்தவதானே என்றார்கள். குறைத்தால் ஏற்காது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியது, நம்பவில்லை. கடைசியில் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே இல்லத்தில் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் எண்ணையும் குறைத்துக் காட்டினேன், ஒவ்வொன்றாகச் சிவந்தது. ஒருத்தி அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்து விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஊருக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்து, என் மச்சினனுக்கு நாக்கு ரொம்ப நீளம், பேச்சு வராதுன்னு எழுதிவிட முடியுமா என்று கேட்டுச் சிரித்தான், யாரும் கூடச் சிரிக்கவில்லை.

பிறகு ஓர் உத்தரவு வந்தது. அறுபத்தைந்து சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் பத்துப் பேராவது இருக்கிற வார்டுக்குத்தான் ஆயா. எங்கள் வார்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். மரியாள் போய்விட்டால் புண்ணைத் துடைக்க, புரட்டிப் படுக்க வைக்க, தண்ணீர் கொடுக்க வேறு நாதி இல்லை. அன்றைக்குச் சாயந்தரம் ஜெபம் முடிந்ததும் வார்டில் இருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே கூடிப் பேசினார்கள், அறுபதில் இருந்த சூசை என்கிறவர், அஞ்சுதானே, நான் குடுத்திர்றேன், என் கையில எழுதிக்க என்றார். எழுதினேன். மறுநாளிலிருந்து சூசைக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. வேறொன்றும் போகவில்லை, எழுதலாம், பீடி பற்றவைக்கலாம், பொத்தான் மட்டும் வரவில்லை. ஐந்து சதவீதம் என்றால் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த காலாண்டில் பன்னிரண்டு பேர் வேண்டும் என்றார்கள், அதற்கடுத்து பதினைந்து. இந்தத் தடவை யார் கொடுக்கிறது என்பது தீபாவளிச் சீட்டு மாதிரி ஒரு முறையாகவே ஆகிவிட்டது, ஒருவர் காதில் கொஞ்சம் கொடுத்தார், ஒருவர் முழங்காலில் கொஞ்சம் கொடுத்தார், போன தடவை நீ கொடுத்தே, இந்தத் தடவை நான் என்று சண்டைகூட வந்தது. சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போகிற வீட்டைப்போல அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டிருந்தார்கள், சான்றிதழ்கள் மட்டும் சுவரில் கூடிக்கொண்டிருந்தன.

தவமணி என்று ஒருத்தி இருந்தாள், ஐம்பது வயசு, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே விபத்தில் கொடுத்தவள், அதே விபத்தில் இடுப்பையும் கொடுத்தவள். அவள் ஒருநாள் என்னைக் கட்டிலுக்குக் கூப்பிட்டு, மறதிக்கு ஒரு கட்டம் இருக்காமே, அதுல என்னை எழுதிவிடு தாயி என்றாள். மாட்டேன் என்றேன். மூன்று காலாண்டு மாட்டேன் என்றேன், நாலாவது தடவை அவள் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். எழுதினேன். மறுநாள் அவள் முகம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது, என்னைப் பார்த்து, நீ யாரு பெத்த பிள்ளைம்மா என்று சிரித்தாள். நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று சிஸ்டரிடம் கேட்டேன், அதற்கு ஒரு கட்டமும் இல்லையே என்றார் சிஸ்டர் பவுலினா.

அடுத்த உத்தரவு என்னைத் தேடி வந்தது. இல்லத்துக் கூரைக்குக் கீழே படுக்கிற ஒவ்வோர் ஆளும் அறிக்கையில் இருக்க வேண்டும், ஒன்று பணியாளராக, இல்லாவிட்டால் உள்ளிருப்பவராக, மூன்றாவது வகை கிடையாது, இருந்தால் இல்லத்தின் பதிவு ரத்து. டெல்பினாவுக்கு ஐந்து வயது, பணியாளர் இல்லை. உள்ளிருப்பவராக எழுதலாம் என்றால், டாக்டர்கள் அவளுக்குக் கொடுத்திருந்தது முப்பத்தைந்து, நாற்பதுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டில் கிடையாது.

சிஸ்டர் என்னைக் கூப்பிடும்போதே அவர் முன்னால் கம்ப்யூட்டர் திறந்திருந்தது, நாற்பத்து நாலாவது வரிசையில் டெல்பினாவின் பெயரும் வயதும் ஏறியிருந்தன. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நாற்பத்து மூன்று பேரைத் தெருவில் விட அவரால் முடியாது.

"நாற்பது போடு, இமெல்டா. ஒண்ணும் அதிகமா இல்ல, வெறும் அஞ்சுதான்."

"சூசை அண்ணனுக்கும் அஞ்சுதான், சிஸ்டர்."

"பொத்தான்தானே. நான் போட்டுவிடலையா அவருக்கு?"

"இவளுக்கு எது போகும்னு எனக்குத் தெரியாதே. அடுத்த உத்தரவு வந்தா இன்னொரு அஞ்சு. அதுக்கடுத்து இன்னொண்ணு. இறங்கவே இறங்காதே சிஸ்டர்."

வெளியே டெல்பினா சாய்ந்து சாய்ந்து நடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, கிணற்றடியிலிருந்து கோயில் படிவரை அவளுக்கு அறுபத்திரண்டு எட்டு, எண்ணிக்கொண்டே போவாள், முப்பதுக்கு மேல் எண் தெரியாததால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். அவள் பேரை எடுத்துவிடுகிறேன், நாங்கள் எங்கேயாவது போய்விடுகிறோம் என்றேன். எங்க போவே என்று கேட்டார், எடுத்துவிடுகிறேன் என்றேன் மறுபடியும். எடுத்துப் பாரு என்று நாற்காலியை விட்டு எழுந்து கொடுத்தார்.

வரிசையை நீக்கு என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது. மூன்று காரணங்கள்தான் இருந்தன. இறப்பு. வேறு இல்லத்துக்கு மாற்றம், அந்த இல்லத்தின் பதிவு எண்ணோடு. காணவில்லை. அம்மாவோடு போய்விட்டாள் என்று ஒன்று இருக்கும் என்று மேலும் கீழும் தேடினேன், இல்லை. எழுதினால் எழுதினபடி ஆகிவிடும் என்று தெரிந்த கையால் அந்த மூன்றையும் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மணி நாலு ஆயிற்று, நாலரை ஆயிற்று. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, காணவில்லை என்றால் தேடுகிறவர்களுக்குத்தானே காணவில்லை, கையைப் பிடித்துக்கொண்டிருப்பவள் தேட மாட்டாளே. வெளியே போய் டெல்பினாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன், இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், வலது கையால் காணவில்லை என்பதை அழுத்தினேன். நன்றி என்று வந்தது.

மறுநாள் காலை சிஸ்டர் பவுலினா எங்கள் அறைக்கு வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த குழந்தையைத் தாண்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை எங்கே என்று கேட்டார். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார், அழுது முடித்து, காணவில்லை என்றால் போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், எழுதிக் கொடுக்கப் போனார். மரியாள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள், பீரோக்களைத் திறந்து பார்த்தாள், டெல்பினா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, மரியா பாட்டி யாரைம்மா தேடுறாங்க என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அங்கே பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். பார்ப்பதற்குக் கண் இல்லாதவரிடமிருந்து பார்வைக்கு மறைந்தவளை யாரால் ஒளிக்க முடியும். அந்தச் சாய்ந்த நடையைத் தரையின் அதிர்விலேயே அறிந்து, தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"பிள்ளையை நல்லா பிடிச்சுக்க, தாயி."

பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை, கரூர் பஸ் ஸ்டாண்டில் நெரிசலில், ஒரு கண்ணிமைப்பு நேரம் கை விட்டுப்போயிற்று, என் கண்ணுக்கு முன்னாலேயே அவள் இல்லை, சத்தமும் இல்லை, வெறும் சிமெண்டுத் தரை இருந்தது. குனிந்து காற்றில் துழாவினேன், கவுனின் விளிம்பு விரலில் தட்டியது, இழுத்தேன், வந்தாள், அம்மா நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன் நீ திரும்பவே இல்லை என்று அழுதாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கையை விட்டதில்லை.

அந்த ஊரிலேயே ஒரு லைன் வீட்டில் கடைசி அறையைப் பிடித்தேன். மசாலாக் கம்பெனியில் பொட்டலத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை, ஒரு கையால் ஒட்டலாம், மாலையில் பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தும் ஒட்டலாம். லைன் வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை, இடது கை விளங்காத பெண் என்று முடிவு செய்துகொண்டார்கள், இடுப்புக்குக் கீழே எதையோ பிடித்ததுபோல மடங்கி இருக்கிற கை, பாவம், சின்ன வயசு. குழாயடியில் எனக்குக் குடத்தைத் தூக்கி வைத்தார்கள். ஒத்தை ஆளு ரெண்டு ஆள் சோறு திங்கிறா, எங்கதான் போகுதோ என்று வீட்டுக்காரம்மா கேலி செய்வாள், ஆனாலும் குழம்பு மீந்தால் எனக்குத்தான் கொடுப்பாள். டெல்பினா சிரித்தால் அவர்களுக்குக் கேட்காது. அவள் ஓடி விளையாட ஆசைப்பட்டால் நானும் கூடவே ஓடினேன், தெருவில் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து ஓடுகிற பெண்ணைப் பார்த்து, காலும் சரியில்லை போல என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். தினமும் அவளுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் விட்டாலும் நீ விடாதே. அவள் தலையை ஆட்டுவாள், ஆட்டிவிட்டு வேறு எங்கோ பார்ப்பாள், ஐந்து வயசுப் பிள்ளை.

போன திங்கட்கிழமை மதியம் ஒரு பெண் வந்தாள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், இருபத்து இரண்டு வயசு இருக்கும், கீர்த்திகா என்று பேர் சொன்னாள். இல்லங்களில் எடுத்த கணக்கு மாநிலத்திலேயே அவ்வளவு துல்லியமாக வந்ததாம், அதனால் இனிமேல் வீடு வீடாகவும் எடுக்கிறார்களாம். பாயில் உட்கார்ந்து திரையைத் திறந்தாள். அதே எழுபத்திரண்டு கட்டங்கள். தண்ணீர் கேட்டாள், ஒரு கையால் மொண்டு கொடுத்தேன், அதைப் பார்த்துவிட்டு நல்ல மனசோடு சொன்னாள், பக்கத்து வீட்டில் உங்களைப் பற்றிச் சொன்னாங்கக்கா, இடது கைக்கு அறுபது தாராளமா வரும், எல்லா உதவியும் கிடைக்கும், நான் எழுதிக்கிறேன்.

எழுதினால் கை போய்விடும். கை போனால் பிடி போய்விடும். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். கூச்சப்படாதீங்கக்கா என்றாள். சத்தியமாக ஒன்றும் இல்லை, ஒரு வலி, இப்போது சரியாகிவிட்டது என்றேன். அவள் சிரித்தாள்.

"அப்படின்னா ரெண்டு கையையும் சேர்த்து விரிச்சுக் காட்டுங்க. இல்லைன்னு எழுதிட்டுப் போயிடறேன். காலியா விட முடியாதுக்கா."

டெல்பினா என் முழங்காலில் சாய்ந்து அந்தத் திரையில் ஓடுகிற நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் எழுந்து, என் கையைப் பிடித்தபடியே எனக்குப் பின்னால் வந்து, முதுகில் ஏறி, இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கமாக. அவள் மூச்சு என் காதில் சுட்டது. நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், எத்தனையோ மாதமாக மடங்கியிருந்த விரல்கள், பிரிக்கப் பிரிக்க வலித்தன. இரண்டு கையையும் பாயின் மேல் விரித்து வைத்தேன். கீர்த்திகா இடது உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள், விரல்களை மடக்கி நீட்டச் சொன்னாள், மடக்கி நீட்டினேன். நல்லாத்தானே இருக்கு, சும்மா பயமுறுத்திட்டாங்க என்று கைக் குறைபாடு என்ற கட்டத்தில் இல்லை என்று போட்டாள். கழுத்தைச் சுற்றியிருந்த பிடி இறங்கவில்லை, என் மகள் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன், ஒரு நிமிஷம் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கீர்த்திகா திரையை மூடப் போனவள் மூடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள், பாரம் தாங்காமல் நான் முன்னால் குனிந்திருப்பதைப் பார்த்தாள், விரலால் கட்டங்களை மேலே தள்ளி வேறொன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, அதே கரிசனத்தோடு கேட்டாள்.

"முதுகு எத்தனை நாளாக்கா இப்படிக் கூனியிருக்கு?"